ஆச்சி மறைத்த கட்டி

தாமிரபரணிக் கரையில் பிறந்த பெண்களுக்கு ஆறு என்பது குளிக்கும் இடம் மட்டுமா? ஒரு காலத்தில் அதுதான் அவர்களுக்குப் பத்திரிகை, ரேடியோ, பட்டிமன்றம் எல்லாம். குறுக்குத்துறை முருகன் கோயிலைச் சுற்றித் தண்ணீர் சலசலவென்று ஓடும். படித்துறையில் துணி துவைத்தபடி, மஞ்சளை உரசிப் பூசிக்கொண்டபடி, ஊர் விஷயம் அத்தனையும் பேசித் தீர்ப்பார்கள். யார் வீட்டு வளையல் அடகுக்குப் போனது, யார் வீட்டுப் பெண் குளிக்காமல் இருக்கிறாள் என்பதெல்லாம் அங்கே பரம ரகசியம் அல்ல, பகிரங்கச் செய்தி!

அப்படிப்பட்ட படித்துறையில் எங்கள் தெரு ஆச்சி ஒருத்தி இரண்டு வருஷ காலம் ஒரு விஷயத்தை மறைத்து வைத்திருந்தாள்.

மஞ்சள் பூசும்போது ஒரு நாள் இடது மார்பில் பட்டாணி அளவுக்கு ஏதோ கையில் தட்டுப்பட்டிருக்கிறது. வலி இல்லை. வலிக்காத ஒன்றைப் பற்றி யாரிடம் போய் என்னவென்று சொல்வது? பட்டாணி நெல்லிக்காய் ஆயிற்று. நெல்லிக்காய் எலுமிச்சம்பழம் ஆயிற்று. கடைசியில் புண்ணாகி வாடை வந்த பிறகுதான் மருமகளுக்குத் தெரிந்தது. "ஆஸ்பத்திரிக்குப் போவோம், வாங்க அத்தை" என்று அவள் அழுதபோது ஆச்சி சொன்ன பதில் தெருவுக்கே கேட்டது:

"ஆம்பிள டாக்டரு முன்னால மாராப்ப எடுக்கச் சொல்லுதியா? அதுக்கு நான் இப்பிடியே போயிருதேன், ளா."

சொன்னபடியே போய்விட்டாள். நான் அப்போது பாவாடை கட்டிய சிறுமி. 1960-களின் நடுப்பகுதி என்று ஞாபகம்.

சகோதரிகளே, ஆச்சியை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு கேள்வி எழும். கையில் தட்டுப்பட்ட மறுநாளே அவள் வாய் திறந்திருந்தால் என்ன கிடைத்திருக்கும்? அந்தக் காலத்தில் மார்பகப் புற்றுக்குக் கத்தி உண்டு, கதிர்வீச்சு உண்டு. மருந்து என்று சொல்லிக்கொள்ளத்தக்கது மிகச் சொற்பம். இன்று அதே பட்டாணி ஒரு பெண்ணின் கையில் தட்டுப்பட்டால் கதையே வேறு. எப்படி வேறு என்பதைத்தான் சொல்லப் போகிறேன். பயமுறுத்துவதற்காக அல்ல. நம் நாட்டில் 2022-ஆம் ஆண்டில் மட்டும் ஏறக்குறைய 1,92,000 பெண்களுக்குப் புதிதாக இந்த நோய் கண்டிருக்கும் என்று உலகப் புற்றுநோய்க் கணக்கு சொல்கிறது. சுமார் 98,000 பேர் இறந்திருப்பார்கள் என்றும் சொல்கிறது. ஆகவே இதைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்து வைத்துக்கொள்வது, சமையல் குறிப்பு தெரிந்து வைத்துக்கொள்வதைவிட எந்த விதத்திலும் குறைந்ததல்ல.

முதலில் ஒரு விஷயம். மார்பகப் புற்றுநோய் என்று நாம் ஒரே பெயரால் அழைக்கிறோமே, அது ஒரே வியாதி அல்ல. மாம்பழம் என்றால் நீலமும் உண்டு, பங்கனபள்ளியும் உண்டு என்பது போல இதிலும் ஜாதிகள் உண்டு. எந்த ஜாதி என்று தெரிந்த பிறகே மருந்து. கட்டியில் ஊசியைச் செலுத்தித் துளி சதையை எடுத்து, பரிசோதனைச் சாலையில் மூன்று கேள்விகள் கேட்கிறார்கள். ஈஸ்ட்ரோஜன் என்ற பெண்மைச் சுரப்பை உறிஞ்சி இது வளர்கிறதா? புரோஜெஸ்டிரோன் என்ற மற்றொரு சுரப்பை? ஹெர்-2 என்ற புரதம் இதன்மேல் அளவுக்கு மீறி இருக்கிறதா? இந்த மூன்றுக்கும் விடை எழுதிய அரைப் பக்கக் காகிதம் இருக்கிறதே, அது நோயாளியின் ஜாதகம் என்றே சொல்லலாம். ஈ.ஆர்., பி.ஆர்., ஹெர்-2 என்று அதில் எழுதியிருக்கும். அந்தக் காகிதம் இல்லாமல் ஆரம்பிக்கும் வைத்தியம் இருட்டில் கல் எறிவதுதான்.

"ஊசி குத்தினால் புற்று உடம்பெல்லாம் பரவிவிடும்" என்று நம் பக்கத்தில் ஒரு பேச்சு உண்டு. அது வெறும் பயம். குத்தாமல் விட்டால்தான் பரவும்.

முதல் ஜாதியிலிருந்து தொடங்குவோம். ஈஸ்ட்ரோஜனைக் குடித்து வளரும் கட்டிகள்தான் எண்ணிக்கையில் அதிகம். 1896-ல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரத்தில் ஜார்ஜ் பீட்ஸன் என்ற டாக்டர், கருப்பையை ஒட்டிய முட்டைப் பைகளை எடுத்துவிட்டால் சில பெண்களின் மார்புக் கட்டி சுருங்குகிறது என்று எழுதினார். அந்த யோசனை அவருக்கு எங்கிருந்து வந்தது தெரியுமா? பசுவின் முட்டைப் பையை எடுத்துவிட்டால் பால் கறப்பது நீடிக்கிறது என்று குடியானவர்கள் அறிந்து வைத்திருந்தார்களாம். மாட்டுத் தொழுவத்திலிருந்து வந்த ஞானம்! ஆனால் அதற்கும் கத்தி வேண்டியிருந்தது. கத்தி இல்லாமல் அதே வேலையைச் செய்யும் மாத்திரைக்கு இன்னும் அறுபத்தைந்து வருஷத்துக்கு மேல் காத்திருக்க வேண்டியதாயிற்று.

அந்த மாத்திரையை ஆக்கியவர் ஒரு பெண். பெயர் டோரா ரிச்சர்ட்ஸன். இங்கிலாந்தில் ஐ.ஸி.ஐ. என்ற பெரிய இரசாயனக் கம்பெனியில் வேலை பார்த்தவர். 1962-ல் அவர் ஒரு புதுப் பொருளை உண்டாக்கினார். கம்பெனிக்கு அப்போது புற்றுநோயைப் பற்றிய நினைப்பே பிரதானமாக இல்லை. கர்ப்பத் தடை மருந்துதான் அவர்கள் தேடியது. எலிகளிடம் மருந்து நன்றாக வேலை செய்தது. பெண்களிடமோ நேர் எதிர்! கர்ப்பத்தைத் தடுப்பதற்குப் பதிலாக முட்டை உருவாவதைத் தூண்டிவிட்டது. பிள்ளை வேண்டாம் என்பதற்காகச் செய்த மருந்து, பிள்ளை இல்லாதவர்களுக்கு உதவியது என்றால் சிரிப்பு வருகிறதல்லவா?

கம்பெனி அதைத் தூக்கிப் போட்டிருக்கும். ஆராய்ச்சிக் குழுவின் தலைவர் ஆர்தர் வால்போல் பிடிவாதக்காரர், விடவில்லை. மான்செஸ்டர் நகரத்தின் கிறிஸ்டி ஆஸ்பத்திரியில் மேரி கோல் என்ற பெண் டாக்டர் முற்றிய நிலையில் இருந்த 46 பேருக்கு அதைக் கொடுத்துப் பார்த்து 1971-ல் முடிவை வெளியிட்டார். பத்துப் பேருக்குக் கட்டி நன்றாக அடங்கியிருந்தது. 46-ல் 10 என்பது பெரிய எண்ணாகத் தோன்றாது. ஆனால் வேறு வழியே இல்லாத 46 பேர் அவர்கள் என்பதை மறந்துவிடக் கூடாது. அந்த மருந்துதான் டாமாக்ஸிஃபென்.

அது வேலை செய்யும் விதம் எளிது. ஈஸ்ட்ரோஜன் என்பது சாவி. புற்று அணுவின் உள்ளே அதற்கான பூட்டு இருக்கிறது. டாமாக்ஸிஃபென் அந்தப் பூட்டின் துவாரத்தில் போய் மெழுகு மாதிரி அடைத்துக்கொள்கிறது. சாவி வெளியே நின்று தவிக்க வேண்டியதுதான். அறுவைக்குப் பின் ஐந்து வருஷம் இதைச் சாப்பிட்ட பெண்களிடம், இந்த நோயால் ஏற்படும் மரணம் மூன்றில் ஒரு பங்கு குறைகிறது என்று பல்லாயிரம் பேரைத் தொடர்ந்து கவனித்துக் கணக்கிட்டிருக்கிறார்கள். மாதவிடாய் நின்றுபோன பெண்களுக்கு, ஈஸ்ட்ரோஜன் உண்டாவதையே தடுக்கும் லெட்ரோஸோல், அனாஸ்டிரஸோல் போன்ற மாத்திரைகள் பிற்பாடு வந்தன. இரண்டு வகையும் இன்று நம் ஊர் மருந்துக் கடைகளில் சகாய விலைக்குக் கிடைக்கின்றன. உயிரைக் காக்கும் மருந்து எல்லாமே லட்சக்கணக்கில் விலை என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இங்கே ஒரு மனக்குறையையும் சொல்லிவிடுகிறேன். அறுவை, ஊசி, கதிர்வீச்சு என்று எல்லா வேதனையையும் பொறுத்துக்கொள்ளும் நம் பெண்கள், கடைசியில் இந்தச் சாதுவான மாத்திரையிடம்தான் அலட்சியம் காட்டுகிறார்கள். ஒரு வருஷம் சாப்பிடுவார்கள். "சொகமாயிட்டு, இன்னும் எதுக்கு?" என்று நிறுத்திவிடுவார்கள். மகள் கல்யாணச் செலவு, பேரன் ஃபீஸ் என்று வந்தால் முதலில் வெட்டு விழுவது அம்மாவின் மருந்துச் செலவில்தான். உடம்பில் திடீரென்று அனல் வீசுவது, வியர்த்துக் கொட்டுவது, மூட்டு வலி என்று தொந்தரவுகளும் உண்டு, மறுக்கவில்லை. அவற்றை டாக்டரிடம் சொன்னால் வழி சொல்லுவார், மாத்திரையை மாற்றியும் தருவார். டாமாக்ஸிஃபென் சாப்பிடும்போது மாதவிடாய் நின்றவருக்கு மறுபடி உதிரம் கண்டாலோ, ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ தாமதிக்காமல் காட்ட வேண்டும். லெட்ரோஸோல் சாப்பிடுகிறவர்கள் எலும்பைக் கவனித்துக்கொள்ள வேண்டும். ஆனால் நாமாக நிறுத்துவது மட்டும் கூடாது. சிலருக்கு ஐந்து வருஷம் போதும். சிலருக்குப் பத்து வருஷம்கூடத் தேவைப்படும்.

இனி ஹெர்-2 ஜாதிக்கு வருவோம். ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவான கட்டிகள் இந்த வகை. கல்யாண வீட்டில் ஒலிபெருக்கி ஒன்று கட்டினால் போதும். வாசல், கொல்லை, கூரை என்று நூறு கட்டினால் எப்படி இருக்கும்? அப்படித்தான் இந்த அணுக்களின் மேல் ஹெர்-2 அளவு மீறி முளைத்து "வளர், வளர்" என்று ஓயாமல் கூவிக்கொண்டிருக்கிறது. இந்த வகைக் கட்டி மற்றவற்றைவிட மூர்க்கமானது என்று 1987-ல் எடுத்துக்காட்டியவர் கலிபோர்னியாவின் டென்னிஸ் ஸ்லாமன். அந்த ஒலிபெருக்கியின் வாயைப் பொத்துகிற மருந்தைச் செய்ய அவர் பட்ட பாடு கொஞ்சமல்ல. பணம் போதாதபோது கைகொடுத்தது யார் தெரியுமா? உதட்டுச் சாயம் விற்கும் ரெவ்லான் கம்பெனி! அலங்காரச் சாமான் விற்ற பணத்திற்கு இதைவிட நல்ல செலவு இருக்க முடியாது என்பது என் அபிப்பிராயம்.

1998-ல் அமெரிக்க அரசாங்கம் அந்த மருந்துக்கு அனுமதி கொடுத்தது. டிராஸ்டுஸுமாப் என்று பெயர். ஹெர்செப்டின் என்பது அதன் வியாபாரப் பெயர். முதலில் முற்றிய நோய்க்கு மட்டும் கொடுத்தார்கள். 2005-ல் ஆரம்ப நிலையிலேயே கொடுத்துப் பார்த்த முடிவுகள் வெளிவந்தபோது வைத்திய உலகமே நிமிர்ந்து உட்கார்ந்தது. நோய் திரும்பி வருவது ஏறத்தாழப் பாதியாகக் குறைந்திருந்தது! எல்லா ஜாதிகளிலும் பொல்லாதது என்று பெயரெடுத்த ஒன்று, மருந்துக்கு நன்றாகக் கட்டுப்படும் ஜாதியாக மாறிவிட்டது.

விலைதான் மலைக்க வைத்தது. மூன்று வாரத்துக்கு ஒரு முறை, ஒரு வருஷம் ஏற்ற வேண்டிய மருந்து அது. வீட்டை விற்றால்தான் முடியும் என்ற நிலை. 2014-ல் பெங்களூரின் பயோகான் கம்பெனி அதே மாதிரி மருந்தை இந்தியாவிலேயே தயாரித்து வெளியிட்டது. 440 மில்லிகிராம் கொண்ட சீசா 57,500 ரூபாய். அதுவும் குறைந்த விலை அல்ல என்பீர்கள். வாஸ்தவம்தான். ஆனால் ஒரு கதவு திறந்தால் பின்னாலேயே நாலு பேர் நுழைவார்கள். வேறு இந்தியக் கம்பெனிகளும் வந்தன. 2015-ல் உலக சுகாதார ஸ்தாபனம் இதை அத்தியாவசிய மருந்துகளின் பட்டியலில் சேர்த்தது. அதே வருஷம் நம் நாட்டுப் பட்டியலிலும் இடம் பெற்று, விலைக் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. இந்த மருந்தைப் பெறுகிறவர்களுக்கு இருதயத்தை அவ்வப்போது எக்கோ எடுத்துப் பார்க்க வேண்டும். அதைத் தவிர்க்கக் கூடாது.

2022 ஜூன் மாதம் சிகாகோ நகரத்தில் புற்றுநோய் மருத்துவர்களின் மகாநாடு. ஓர் ஆராய்ச்சி முடிவைப் படித்து முடித்ததும் அரங்கம் முழுவதும் எழுந்து நின்று கை தட்டியது. பாட்டுக் கச்சேரிக்கு அல்ல, நாடகத்துக்கு அல்ல, ஒரு மருந்துக்கு! டிராஸ்டுஸுமாப் டெரக்ஸ்டிகான் என்ற ஜப்பானியக் கண்டுபிடிப்பு அது. ஒலிபெருக்கியைத் தேடிப் போகும் அதே ஆளின் கையில் விஷப் பொட்டலங்களையும் கொடுத்து அனுப்புகிறார்கள். எட்டுப் பொட்டலம் வரை அவன் சுமந்து போவான். புற்று அணுவுக்குள் போன பிறகே பொட்டலம் பிரியும். ஹெர்-2 மிகக் கொஞ்சமாக இருக்கிற கட்டியிலும் இது வேலை செய்கிறது என்பதுதான் சிகாகோவில் தெரியவந்த புதுமை. முற்றிய நிலையில் இருந்த பெண்களுக்கு நோய் அடங்கியிருக்கும் காலம் ஏறத்தாழ இரண்டு மடங்காயிற்று. இந்த மருந்து சிலருக்கு நுரையீரலைப் பாதிக்கும். சாதாரண இருமல் என்று கஷாயம் வைத்துக் குடித்துக்கொண்டு இருந்துவிடக் கூடாது. 2024 ஜூலையில் மத்திய அரசு தன் பட்ஜெட்டில் இதன்மேல் இருந்த இறக்குமதி வரியை நீக்கியது. நீக்கியும் நடுத்தரக் குடும்பத்துக்கு எட்டாக் கனிதான்.

அந்தப் பொட்டலத்தில் இருக்கும் விஷத்தின் பூர்வோத்தரம் சுவாரஸ்யமானது. சீனாவில் வளரும் ஒரு மரத்திலிருந்து 1966-ல் மன்றோ வால், மன்சுக் வானி என்ற இருவர் பிரித்தெடுத்த காம்ப்டோதெஸின் என்ற பொருளின் வம்சம் அது. வானி நம் மகாராஷ்டிரத்தில் பிறந்து அமெரிக்காவுக்குப் போனவர். இதே இருவர்தான் 1971-ல் யூ மரத்தின் பட்டையிலிருந்து டாக்ஸால் என்ற மற்றொரு மருந்தின் அமைப்பையும் கண்டு சொன்னார்கள். இன்று மார்பகப் புற்றுக்கு ஊசி ஏற்றிக்கொள்ளும் பெண்களில் பாதிப் பேருக்காவது இந்த மரத்து வம்ச மருந்துகளில் ஏதாவது ஒன்று ஏறியிருக்கும் என்று நினைக்கிறேன்.

மரம் செடி என்றதும் நம் ஊர்ச் செடி ஒன்று நினைவுக்கு வருகிறது. திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கம் மானாவாரி நிலத்தில் நித்தியகல்யாணி பயிரிடுவார்கள். வெள்ளையும் ஊதாவுமாகப் பூக்கும். பெயர் என்னவோ நித்தியகல்யாணி; ஆனால் மயானக் கரையிலும் தானாக மண்டிக் கிடப்பதால் சுடுகாட்டு மல்லி என்றும் சொல்லுவார்கள். இதன் இலையைத்தான் 1950-களில் கனடா நாட்டில் ராபர்ட் நோபிள், சார்லஸ் பீர் என்ற விஞ்ஞானிகள் சர்க்கரை வியாதிக்கு ஆகுமா என்று சோதித்தார்கள். சர்க்கரை குறையவில்லை. எலிகளின் இரத்தத்தில் வெள்ளை அணுக்கள் குறைந்தன! அப்படியானால் இரத்தப் புற்றுக்கு ஆகுமே என்று பிரித்து எடுத்ததுதான் வின்பிளாஸ்டின். அதன் வழியில் பிரான்ஸ் தேசத்து பியேர் பொத்தியே உண்டாக்கிய வினோரெல்பின் மார்பகப் புற்றுக்கும் உபயோகமாகிறது. ஒரே ஒரு கிராம் வின்பிளாஸ்டின் கிடைக்க 500 கிலோ காய்ந்த இலை வேண்டுமாம்.

இதைப் படித்துவிட்டு யாராவது கொல்லையில் இருக்கும் நித்தியகல்யாணி இலையைக் கிள்ளி ரசம் வைத்துவிடப் போகிறார்கள் என்றுதான் எனக்குப் பயம். அம்மா, அது விஷச் செடி! மருந்து வேறு, இலை வேறு. பூவைப் பூஜைக்கு வைத்துக்கொள்ளுங்கள், போதும்.

மூன்று கேள்விக்கும் "இல்லை" என்று விடை வருகிற கட்டி ஒன்று உண்டு. மேல்நாட்டைவிட நம் நாட்டில் இதன் பங்கு சற்று அதிகம். இளம் பெண்களைத் தாக்குவதும் அதிகம். இதற்குப் பூட்டு மெழுகும் பலிக்காது, ஒலிபெருக்கி வைத்தியமும் பலிக்காது. நெடுங்காலம் கீமோ ஒன்றே கதி. 2021-ல் பெம்ப்ரோலிஸுமாப் என்ற மருந்தை ஆரம்ப நிலையிலேயே கீமோவோடு சேர்த்துக் கொடுக்க அமெரிக்காவில் அனுமதித்தார்கள். புற்றை அடையாளம் தெரியாமல் தூங்குகிற நம் உடம்பின் சொந்தக் காவல் படையைத் தட்டி எழுப்பும் மருந்து இது. பரம்பரையாக வரும் பி.ஆர்.ஸி.ஏ. கோளாறு உள்ளவர்களுக்கு ஓலாபரிப் என்ற மாத்திரையும் இருக்கிறது. பெம்ப்ரோலிஸுமாபின் விலையைக் கேட்டால் மயக்கம் வரும்.

விலை என்றதும் 2022-ல் பக்கத்துக் கேரளத்தில் நடந்ததைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ரிபோஸைக்ளிப் என்ற மாத்திரை சாப்பிட்டு வந்த ஒரு பெண்மணி, மாதா மாதம் ஆகும் செலவு தாங்காமல், "இந்த மருந்தை நம் நாட்டிலேயே மலிவாகச் செய்ய உத்தரவிடுங்கள்" என்று உயர் நீதிமன்றத்தை நாடினார். தீர்ப்பு வருவதற்குள் காலமாகிவிட்டார். அவர் இறந்தாலும் வழக்கு இறக்கவில்லை. நீதிமன்றம் தானாகவே அதை மேலே நடத்தியது. அதே இனத்தைச் சேர்ந்த பால்போஸைக்ளிப் மாத்திரையின் காப்புரிமை 2023 ஜனவரியில் இந்தியாவில் முடிந்தது. நம் கம்பெனிகள் வரிசையாகச் செய்யத் தொடங்க, விலை மளமளவென்று இறங்கியது. மருந்து கண்டுபிடிக்கப்படும் நாள் ஒன்று. அது நம் வாசலுக்கு வரும் நாள் வேறொன்று.

மலிவான சங்கதி ஒன்று பம்பாயில் நடந்தது. பல் பிடுங்குமுன் ஈறு மரத்துப் போக ஊசி போடுவார்களே, அந்த லிக்னோகெயினைத்தான் டாடா நினைவு ஆஸ்பத்திரி டாக்டர் பட்வேயும் அவர் குழுவினரும் எடுத்துக்கொண்டார்கள். மார்புக் கட்டியை அகற்றுவதற்குச் சில நிமிஷம் முன்பு, கட்டியைச் சுற்றிலும் அதைப் போட்டார்கள். நாட்டின் 11 ஆஸ்பத்திரிகளில் சுமார் 1,600 பெண்கள். பாதிப் பேருக்கு ஊசி உண்டு, பாதிப் பேருக்கு இல்லை. ஊசி போடாதவர்களில் ஐந்து வருஷத்துக்குப் பின் நூற்றுக்கு 86 பேர் உயிரோடு இருந்தார்கள். போட்டவர்களில் 90 பேர். 2023-ல் முடிவை வெளியிட்டார்கள். செலவோ நூறு ரூபாய்க்கும் குறைவு. வேறு தேசத்தார் இன்னும் ஒரு முறை சோதித்துப் பார்க்க வேண்டும் என்கிறார்கள், நியாயம்தான். ஆனாலும் லட்ச ரூபாய் மருந்துக்குக் கை தட்டிய உலகம், நூறு ரூபாய் மருந்துக்கு அவ்வளவு பலமாகத் தட்டவில்லை என்பது எனக்குச் சிறு வருத்தம்.

மருந்தைக் கூட்டுவது மட்டுமே முன்னேற்றம் அல்ல; வேண்டாத இடத்தில் குறைப்பதும் முன்னேற்றம். பத்தாயிரத்துக்கு மேற்பட்ட பெண்களைக் கொண்டு நடத்திய ஓர் ஆராய்ச்சி 2018-ல் வெளியாயிற்று. ஈஸ்ட்ரோஜன் வகைக் கட்டி, அக்குளில் நெறி கட்டாத நிலை என்றால், கட்டியின் மரபணுக்களைச் சோதித்துப் பார்த்துப் பெரும்பாலோருக்குக் கீமோவே இல்லாமல் மாத்திரையோடு விட்டுவிடலாம் என்று அது காட்டியது. கீமோ அவசியமானவர்களும் முன்னைப்போல் வாந்தியெடுத்துச் சுருண்டு கிடப்பதில்லை. அதைத் தடுக்க இப்போது நல்ல மருந்துகள் உண்டு. முடி கொட்டும், மறுபடி வளரும். பின்னல் போனதற்கு அழுத பெண்கள், புதிதாகச் சுருட்டை முடி முளைத்ததும் கண்ணாடி முன் நிற்பதை நானே பார்த்திருக்கிறேன்.

கீமோவை முதலில் கொடுத்துக் கட்டியைச் சுருக்கிக்கொண்டு, பிறகு அறுவை செய்கிற முறையில் நம் அடையாறு புற்றுநோய் நிலையத்துக்கு நீண்ட அனுபவம் உண்டு. தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954-ல் 12 படுக்கைகளோடு ஆரம்பித்த இடம் அது. அவர் மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், மறுவருஷம் வந்து சேர்ந்து 2021-ல் மறையும் வரை அதுவே கதி என்றிருந்த டாக்டர் சாந்தாவும் வளர்த்தது. கட்டி சுருங்குவதால் பல பெண்களுக்கு மார்பை முழுவதும் எடுக்காமலே காரியம் முடிகிறது. ஆச்சி பயந்ததெல்லாம் இதற்குத்தானே!

சரி, நம் பள்ளத்தாக்குப் பெண் எங்கே போவது? முன்பெல்லாம் மதுரை, திருவனந்தபுரம், அடையாறு என்று மூட்டை கட்ட வேண்டும். இன்று பாளையங்கோட்டை ஐகிரவுண்டு ஆஸ்பத்திரியிலேயே, அதாவது 1965-ல் தொடங்கிய திருநெல்வேலி மருத்துவக் கல்லூரியின் ஆஸ்பத்திரியிலேயே, அறுவையும் கீமோவும் கதிர்வீச்சும் உண்டு. கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் முப்பது வயது தாண்டிய பெண்களுக்கு மார்பைப் பரிசோதிப்பார்கள். பெரும்பாலும் செவிலியரே பார்ப்பதால் கூச்சத்துக்கும் இடமில்லை. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் தகுதியுள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை உண்டு. ரேஷன் கார்டையும் வருமானச் சான்றையும் எடுத்துக்கொண்டு கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீஸுக்கு ஒரு நடை போனால் விவரம் தெரியும்.

போகும்போது இன்னொன்றும் ஞாபகம் இருக்கட்டும். அந்த மூன்று கேள்விக் காகிதத்தைக் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். எடுத்த சதைத் துணுக்கை மெழுகில் பதித்து வைத்திருப்பார்கள். வேறு ஆஸ்பத்திரியில் மறுபடி சோதிக்க வேண்டுமானால் அதையும் கேட்டு வாங்கலாம். கட்டி என்றால் எல்லாம் புற்று அல்ல. பெரும்பாலானவை சாதாரணக் கட்டிகளே. ஆனால் அதை முடிவு செய்ய வேண்டியவர் டாக்டர். பக்கத்து வீட்டு மதினி அல்ல. தோல் குழி விழுந்தாலும், காம்பு உள்ளே இழுத்துக்கொண்டாலும், இரத்தம் கசிந்தாலும் அப்படித்தான். தொற்று நோய் என்று தட்டையும் தம்ளரையும் தனியே எடுத்து வைக்கிற வீடுகள் இன்றும் உண்டு. இது ஒட்டிக்கொள்ளும் வியாதியே அல்ல.

ஆச்சியின் பேத்தி ஒருத்தி எனக்குச் சிநேகிதி. ஒன்றாகச் சோழி ஆடியவர்கள் நாங்கள். அவளுக்கும் சில வருஷங்களுக்கு முன் மார்பில் கட்டி வந்தது. குடும்ப வியாதியோ என்று எல்லோரும் பயந்தோம். நூற்றுக்குப் பத்துக்கும் குறைவானதுதான் அப்படிப் பரம்பரையாக வருவது என்று டாக்டர் சொல்லி, அதையும் சோதித்துப் பார்த்தார், அப்படி இல்லை. குளிக்கும்போது கையில் தட்டுப்பட்ட அன்று சாயங்காலமே மகனிடம் சொல்லியிருக்கிறாள், மகள்கூட இல்லை, மகனிடம்! ஈஸ்ட்ரோஜன் வகை. சின்ன அறுவை, கதிர்வீச்சு, இப்போது லெட்ரோஸோல்.

போன மாதம் அவள் வீட்டுக்குப் போயிருந்தேன். கூடத்தில் தொங்கும் தினசரிக் காலண்டரின் பின்னால் மாத்திரை அட்டையைச் செருகி வைத்திருக்கிறாள். காலையில் தாளைக் கிழித்ததும் மாத்திரை. முழங்கால் வலிக்கிறது என்று முகம் சுளித்துக்கொண்டே கேப்பைக் கூழ் கரைத்தாள்.

"ஏட்டி, இன்னும் எத்தனை நாளைக்கு?" என்று கேட்டேன்.

"ஒரு வருசமும் அஞ்சு மாசமும் கிடக்கு. எண்ணிக்கிட்டுதான இருக்கேன்" என்று சொல்லி, அன்றைய தாளைக் கிழித்தாள்.